தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்

நம் தமிழ்நாட்டில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை நிற்கிறது. சித்திரையில் அழகர் தங்கக் குதிரை மேலேறி வைகையில் இறங்குகிறார். மாணிக்கவாசகருக்காக நரி பரியான கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறது. பரி, புரவி, மா, இவுளி என்று பெயர்களும் ஏராளம். ஆனால் உயிருள்ள குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு அந்த முதல் சவாரி பெரும்பாலும் விடுமுறையில்தான் வாய்க்கிறது. புனே, மும்பைக்காரர்களுக்கு மாத்தேரானும் மகாபலேஷ்வரும். தில்லிக்காரர்களுக்கு முசௌரியும் குஃப்ரியும். யாத்திரை போகிறவர்களுக்குக் கேதார்நாத் மலைப்பாதை. இப்போது பெரிய நகரங்களில் குழந்தைகளுக்குக் குதிரையேற்ற வகுப்பும் வந்துவிட்டது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அணி டிரஸாஜ் போட்டியில் தங்கம் வாங்கியது. 1982 தில்லி ஆசியாடுக்குப் பின் 41 ஆண்டு கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம் அது. அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பிலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. புனேயில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். முப்பத்தொன்பது வயதில் ஆசையாகக் குதிரையேற்றம் கற்றேன். 2017 அக்டோபரில் விழுந்து தலையில் அடிபட்டது. அதன்பின் படித்தும், மருத்துவர்களைக் கேட்டும், பட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குதிரை ஏன் மிரளுகிறது?

குதிரை புலியும் சிங்கமும் துரத்தித் தின்ற இனம். ஓடித் தப்பித்ததால் பிழைத்த மிருகம். அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை வரை சுற்றிலும் பார்க்க முடியும். தெரியாத இடங்கள் இரண்டே. ஒன்று, நேர் பின்னால். மற்றொன்று, நெற்றிக்கு நேர் முன்னால் சிறு பகுதி. சந்தேகப்படும்படி எது அசைந்தாலும் 'என்ன அது?' என்று யோசிக்க அது நிற்பதில்லை. முதலில் தாவும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும். பறக்கும் பிளாஸ்டிக் பை, திடீரென விரியும் குடை, பின்னாலிருந்து கத்திக்கொண்டு ஓடிவரும் குழந்தை, இவை எல்லாமே அதற்குப் புலிதான். சாதுவான குதிரை என்பது குறைவாக மிரளும் குதிரை, அவ்வளவே. மிரளாத குதிரை மண்குதிரை மட்டும்தான்.

என் விஷயத்தில் அது வேலியோரம் படபடத்த ஒரு தார்ப்பாய். குதிரை மெதுவாக ட்ராட் போய்க்கொண்டிருந்ததாம். ஒரே தாவலில் பக்கவாட்டில் விலகிவிட்டது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன், கீழே குதிரைதான் இல்லை. இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று காலை காபி குடித்ததற்கு அப்புறம் மூன்றாம் நாள் வரை என் நினைவில் எதுவும் பதியவில்லை.

எட்டடி உயரக் கணக்கு

குதிரையின் உயரத்தைக் 'கை' என்ற அளவால் சொல்வார்கள். ஒரு கை 4 அங்குலம். கழுத்தும் முதுகும் சேருகிற மேட்டில் அளப்பது வழக்கம். 16 கை உயரக் குதிரை என்றால் 64 அங்குலம், அதாவது சுமார் 163 செ.மீ. அதன் மேல் நாம் உட்கார்ந்தால் நம் தலை தரையிலிருந்து ஏறக்குறைய எட்டடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து தலை தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில் இருக்கும். குதிரை நின்றுகொண்டிருந்தாலே இந்தக் கணக்கு. ஓடினால் அந்த வேகமும் சேரும். மலையூர் மட்டக் குதிரை குட்டைதானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு கை குறைந்தாலும் கணக்கு மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூடக் குறைவதில்லை.

மூளையின் எடை சுமார் 1.3 கிலோ. கெட்டித் தயிர் போல மெத்தென்று, மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை தரையில் மோதிச் சட்டென நின்றாலும் உள்ளே மூளை நிற்காது. ஓடுகிற பஸ் பிரேக் போட்டால் நிற்கிற நாம் முன்னால் சாய்வோமே, அதே மாதிரி. ஒரு பக்கச் சுவரில் மோதி, பின் எதிர்ப்பக்கச் சுவரிலும் மோதும். தலை சுழன்றபடி விழுந்தால் இன்னும் மோசம். மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் முறுக்குண்டு நைந்து போகும். இந்த இழைக் காயம் சாதாரண ஸ்கேன் படத்தில் பல சமயம் தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்றால் உள்ளே ரத்தக்கசிவு தெரியவில்லை, எலும்பு உடையவில்லை என்று பொருள். ஒன்றும் ஆகவில்லை என்று பொருள் அல்ல. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தலைக்கவசம் என்ன செய்கிறது?

தலைக்கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரவலாகப் பிரித்துவிடுகிறது. முக்கியமான வேலை உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் போன்ற அடுக்குக்கு. அது நசுங்கிக்கொண்டே தலையை நிறுத்துகிறது. தலை நிற்கிற தூரம் ஐந்து மடங்கு கூடினால் அதன் மேல் விழும் விசை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் தெர்மாக்கோலின் மகிமை இதுதான். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு மறுபடி எழும்பாது. ஆகவே ஒரு விழுகையில் அடிவாங்கிய கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். என் கவசத்தின் ஓட்டில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்த விரிசல் கவசத்தோடு நின்றதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'எனக்கு நல்லா ஓட்டத் தெரியும், எனக்கெதுக்கு?' என்பவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் கோர்ட்னி கிங்-டை 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் போட்டியில் கலந்துகொண்ட வீராங்கனை. 2010 மார்ச்சில் ஃபுளோரிடாவில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது குதிரை கால் இடறி விழுந்தது. அன்று அவர் தலையில் கவசம் இல்லை. மண்டையோடு உடைந்து, நான்கு வாரம் கோமாவில் கிடந்தார். நடக்கவும் பேசவும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. குதிரை துள்ளவில்லை, தாண்டவில்லை, வெறுமனே தடுக்கியது. இடறுகிற கால் மேலே இருப்பவரின் திறமையைப் பார்ப்பதில்லை.

டிரஸாஜில் கறுப்பு நீளத் தொப்பிதான் அந்தஸ்து என்று வெகுகாலம் நினைத்தார்கள். 2009-இல் விழுந்து மண்டையோட்டில் முறிவு கண்ட இங்கிலாந்தின் ஷார்லட் டுஜார்டின், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தொப்பிக்குப் பதில் கவசம் அணிந்தே தங்கம் வென்றார். 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு எல்லாப் போட்டிக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

கவசத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்தபோது கவசம் அணிந்திருந்தார். முறிந்தது கழுத்தெலும்பு. ஆகவே கவசம் இருக்கிறது என்று துணிந்து தெரியாத குதிரையில் பாயக்கூடாது.

ஏறுவதற்கு முன்

ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் போதாதா என்று என் தங்கை கேட்டாள். வெறும் தலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது கனம். காது கேட்காது, பக்கப் பார்வை மறையும். சைக்கிள் கவசம் பின்மண்டையை முழுதாக மூடாது. கிரிக்கெட் கவசம் பந்துக்காகச் செய்தது. குதிரைக்கென்றே உள்ள கவசத்தில் ஏஎஸ்டிஎம் எஃப் 1163 அல்லது பிஏஎஸ் 015 என்ற தரக்குறி இருக்கும். பார்த்து வாங்குங்கள். தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக்கூடாது. தாடைப்பட்டை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டை போடாத கவசம் விழும்போது நமக்கு முன்பே தரைக்குப் போய்விடும்.

மலையூர்களில் கோடேவாலா கூட்டி வரும் குதிரையில் ஏறும்போது கவனிக்க வேண்டியவை:

பின்பக்கமாகப் போகாதீர்கள். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள்.

சேணத்தின் வயிற்றுப்பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறியதும் சேணம் ஒரு பக்கம் சரிந்தால் இறங்கிவிடுங்கள்.

செருப்பும் சாண்டலும் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது இப்படித்தான். சிறு குதிகால் உள்ள மூடிய ஷூ போடுங்கள். அங்கவடியில் முன்பாதம் மட்டும் இருக்கட்டும்.

தொங்கும் துப்பட்டா, தோளில் ஆடும் கைப்பை, கையில் செல்ஃபோன், மூன்றும் வேண்டாம். ஃபோட்டோ வேண்டுமென்றால் கீழே நிற்பவர் எடுக்கட்டும்.

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். விழும்போது உங்கள் எடையும் குழந்தை மேல் விழும்.

கவசம் கிடையாது, 'குச் நஹி ஹோகா சாப்' என்று கோடேவாலா சொன்னால் நடந்தே சுற்றிப் பாருங்கள். மலையும் பார்த்த மாதிரி, காலுக்கும் நல்லது.

விழுந்துவிட்டால்

ஒருவர் விழுந்ததும் நம் ஆட்கள் செய்வது மூன்று. முகத்தில் தண்ணீர் அடிப்பது, உட்கார வைத்துச் சோடா கொடுப்பது, அள்ளித் தூக்கி ஆட்டோவில் போடுவது. மூன்றும் தவறு. கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்று எண்ணித் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்குத் தடையில்லாதவரை கவசத்தை இழுத்துக் கழற்றக்கூடாது. 112-ஐ அழையுங்கள். பல மாநிலங்களில் 108 ஆம்புலன்ஸும் உண்டு.

'எழுந்து உட்கார்ந்துட்டார், பேசறார், ஒண்ணுமில்லை' என்ற நிம்மதிதான் ஆபத்தானது. மூளையுறைக்கு மேல் ரத்தம் கசியும் ஒருவகைக் காயத்தில், அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசுவார். சில மணி நேரம் கழித்துத்தான் மயங்குவார். ஆகவே முதல் 24 மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு கை அல்லது கால் சோர்வது, இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைவலிக்கு நாமாக ஆஸ்பிரின் கொடுத்துவிடக்கூடாது. அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

லேசான அடி என்று மருத்துவர் சொன்னால் முதல் ஓரிரு நாள் ஓய்வு. அதற்கப்புறம் மெல்ல மெல்ல நடமாட்டம் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை. ஆனால் முழுதாகத் தேறுமுன் மறுபடி குதிரை ஏறவே கூடாது. ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி, சிறியதானாலும் பெரிய கேட்டைச் செய்யும்.

எந்த மொழியில் கேட்கிறார்கள்?

இது வெளிமாநிலத் தமிழர்களான நமக்கென்றே உள்ள ஒரு விஷயம். தலையில் அடிபட்டவரை உலகெங்கும் கிளாஸ்கோ அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள். 1974-இல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தது. கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் 3 முதல் 15 வரை. 13-உம் அதற்கு மேலும் லேசானது, 9 முதல் 12 நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமை.

இதில் பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய மதிப்பெண் கேள்வி புரிவதைப் பொறுத்தது. 'இது எந்த இடம்?', 'கையைத் தூக்குங்க' என்று மராத்தியிலோ ஹிந்தியிலோ கேட்டு, அடிபட்டவர் தமிழில் முனகினால், அது கேட்பவர் காதுக்கு வெறும் குழறலாகப் படலாம். மதிப்பெண் குறையும். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த, தமிழ் மட்டுமே தெரிந்த அம்மா அப்பா வழுக்கி விழுந்தாலும் இதே சிக்கல்தான். நான் கண் விழித்தபோது நர்ஸிடம் தமிழில்தான் பேசியிருக்கிறேன். என் கணவர் வந்து, "அவ சரியாத்தான் பேசறா, தண்ணி கேக்கறா" என்று சொன்ன பிறகுதான் குறிப்பை மாற்றி எழுதினார்கள்.

பல மொழி தெரிந்தவருக்கு மூளையில் அடிபட்டால் எந்த மொழி முதலில் திரும்பும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். முதலில் கற்றது முதலில் திரும்பும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. அதிகம் புழங்கியதுதான் முதலில் திரும்பும் என்றார் 1895-இல் பித்ர். பிற்காலத்தில் நிறையப் பேரை வைத்துப் பார்த்ததில் எல்லா மொழிகளும் ஒருசேரத் திரும்புவதே அதிகம் என்று தெரிந்தது. எனக்கு எந்த மொழியும் அழிந்துபோகவில்லை. ஆனால் ஹிந்தி பேசினால் பத்து நிமிடத்தில் களைத்துப் போவேன், தமிழில் அரை மணி தாங்கும். அதுவரை வீட்டில் ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த என் மகன், யாரும் சொல்லாமலே தமிழுக்கு மாறிவிட்டான். நினைவாற்றல் சோதனை, பேச்சுப் பயிற்சி எதுவானாலும் முடிந்தவரை தாய்மொழியில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

வீடு திரும்பிய பிறகு

ஆஸ்பத்திரியில் இருந்தது பதினோரு நாள். மீதிக் காயம் ஆறியது வீட்டில், வருடக் கணக்கில். தையல் பிரித்து, முடியும் வளர்ந்துவிட்டால் அடிபட்ட சுவடே தெரியாது. கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் யாரும் குடம் தூக்கச் சொல்லமாட்டார்கள். மூளைக்குக் கட்டுப் போட முடியாதே! "பார்க்க நல்லாத்தானே இருக்கா" என்று வந்தவர் எல்லாம் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் 'அப்புறம் ஏன் படுத்தே கிடக்கிறாள்?' என்ற கேள்வி இருந்தது.

எனக்கு நேர்ந்தவற்றைச் சொல்கிறேன். குக்கர் விசில் ஊதினால் தலைக்குள் ஆணி அடிப்பது போலிருக்கும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டுமே புரியாது. நெடுங்கணக்கை வாயாலேயே கூட்டியவளுக்குப் பால்கணக்கு வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் பேச்சு காதில் விழும், பொருள் ஏறாது. ரசத்தில் உப்பில்லை என்று மகன் சொன்னதற்காக டம்ளரை வீசியிருக்கிறேன். வீசிய மறு நிமிடம் ஏன் வீசினேன் என்று எனக்கே தெரியாது. கோபத்துக்கும் செயலுக்கும் இடையே 'பொறு' என்று சொல்வது நெற்றிப்பக்க மூளை. அடிபட்டதும் அங்கேதான்.

வாசனையும் போயிற்று. முகரும் நரம்பிழைகள் மூக்குக்கு மேலுள்ள சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே போகின்றன. மூளை குலுங்கும்போது அவை அறுந்துவிடும். பெருங்காயம், டிகாஷன், மல்லிகைப்பூ எதுவும் மணக்கவில்லை. இது ருசிக்குறை மட்டுமல்ல. பால் திரிந்தது தெரியாது, காஸ் கசிந்தாலும் தெரியாது. இந்த நிலையில் உள்ளவர் இருக்கும் வீட்டில் காஸ் கசிவைச் சொல்லும் அலாரம் மாட்டுவது அவசியம்.

இவற்றையெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர் சோம்பல், திமிர், நடிப்பு, ராகுதசை என்று நான்கு பெயரால் அழைப்பார். ஐந்தாவது பெயர்தான் சரி. அது காயம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பிள்ளையின் மார்க் குறைந்தாலும், அடிபட்ட மாமனாருக்குத் திடீரென வாய் நீண்டாலும், குணத்தைக் குறை சொல்லுமுன் காயத்தை நினையுங்கள். மனச்சோர்வும் இதனோடு அடிக்கடி வரும். அதற்கும் மருந்து உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு உதவியவை சின்னச் சின்னவைதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. சமையலறைச் சுவரில் அன்றைய வேலைகளை எழுதிய பலகை. இருபது நிமிட வேலைக்குப் பத்து நிமிட ஓய்வு, களைத்தபின் அல்ல, களைக்குமுன். விருந்தினர் வந்தால் அரை மணியில் எழுந்து உள்ளே போகலாம் என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம். தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், நரம்பியல் உளவியலாளர் என்று இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித்துறையே உண்டு. முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், அப்புறம் மெதுவாகவும் இருக்கும். இரண்டாண்டு கழித்தும் நிற்பதில்லை. எனக்கு நாலாவது வருடம் ஒரு காலை காபி லேசாக மணத்தது.

வண்டியோட்டியான கேஜ்

மூளைக்காய வரலாற்றில் ஃபினியஸ் கேஜ் என்பவரைச் சொல்லாத புத்தகம் அபூர்வம். 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதை போடுகையில் வெடித்து, ஓர் இரும்புக் கடப்பாரை அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தார், ஆனால் குணம் மாறி முரடராகிவிட்டார் என்பதோடு பலரும் கதையை முடித்துவிடுவார்கள். மீதியை நான் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1852 முதல் பல ஆண்டுகள் அவர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் குதிரை பூட்டிய நெடுந்தூரப் பயணிகள் வண்டியை ஓட்டியிருக்கிறார். விடியுமுன் எழுந்து, குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, பூட்டி, பயணிகளை ஏற்றி, மலைப்பாதையில் ஓட்டும் வேலை. தினமும் ஒரே ஒழுங்கு. அந்த ஒழுங்கே அவரை மறுபடி மனிதரோடு சேர்த்திருக்கலாம் என்கிறார் அவர் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மக்மில்லன்.

'மறுபடி ஏறினீங்களா?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏறவில்லை. இரண்டாவது அடியை என் தலை தாங்காது என்பது மருத்துவர் சொல். ஆனால் சனிக்கிழமை தோறும் லாயத்துக்குப் போய் ஒரு கிழட்டுக் குதிரைக்குப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு வருகிறேன். நாற்பது நிமிடம், ஒரே வேலை, பேச்சுக் கிடையாது. என் மகன் இன்னும் சவாரி செய்கிறான், தாடைப்பட்டையோடு.

வேலைக்குத் திரும்புதல்

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பலர் அரைகுறையாகத் தேறி ஆபீஸ் போய்த் தடுமாறுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20(4)-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். நான் ஒன்பது மாதம் கழித்துப் போனேன். கவுன்ட்டரில் உட்காரவில்லை, ஆவணப் பிரிவுக்கு மாறினேன். சத்தமில்லாத அறை, ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

நம் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் குடும்பச் சுற்றுலா போகிறோம். புளியோதரைத் தூக்கு, பாய், முதலுதவிப் பெட்டி என்று எழுதும் பட்டியலில் நான்கைந்து அளவுகளில் குதிரைக் கவசமும் சேரட்டும். சங்கத்தின் சொத்தாக வாங்கி வைத்தால் பல வருடம் பல குழந்தைகளுக்கு ஆகும். அடுத்தது, இந்த ஊர் மொழியும் தமிழும் நன்றாகத் தெரிந்த உறுப்பினர்கள், வட்டாரத்துக்கு இருவர், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து பேசச் சம்மதிப்பவர்கள், அவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரிக் கையேட்டின் முதல் பக்கத்தில் வரட்டும். கோத்ரூட் பகுதிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால் என் கணவர் வருவார்.